சாடுவதற்கு எவ்வளவு ஆழம் வேண்டும்?

குமரி மாவட்டத்தில் பிப்ரவரி கடைசியில் சானலை, அதாவது பாசனக் கால்வாயை, அடைத்துவிடுவார்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து வழக்கமாக ஜூன் 1-ம் தேதி திறக்கும் தண்ணீர், கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல்லின் இரண்டு பூவுக்கும், அதாவது இரண்டு போகத்துக்கும், ஓடி முடித்து பிப்ரவரி 28-ம் தேதியோடு நிற்கும். மார்ச்சில் சானலின் தரை வெளியே தெரியும். அத்தனை நாள் அடியில் என்ன கிடந்தது என்பதும் அப்போதுதான் தெரியும். கம்பி துருத்திய கான்கிரீட் துண்டு, பாதி புதைந்த கல்தூண், யாரோ தள்ளிவிட்ட பழைய ஆட்டுரல், பாட்டில்கள். ஒன்பது மாதமாகப் பிள்ளைகள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று சாடிக்கொண்டிருந்தது இவற்றின் மேல்தான்.

சாடுவது என்றால் எங்கள் ஊரில் குதிப்பது. வெளியூர்க்காரர்களிடம் "சானல்ல சாடினேன்" என்றால், யாரையோ மேடை போட்டுத் திட்டியதாக நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு நீச்சல் சொல்லித்தந்தவர் சித்தப்பா. இரண்டு நெத்துத் தேங்காயைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிவிட்டு, ஊர்க்குளத்துப் படித்துறையிலிருந்து தள்ளிவிட்டார். ஒரு வாரத்தில் தேங்காயைக் கழற்றியாகிவிட்டது. நீந்தத் தெரிந்த மறுநாளே அடுத்த ஆசை வந்துவிடும்: உயரத்திலிருந்து சாட வேண்டும், பல்டி அடிக்க வேண்டும். அதைச் சொல்லித்தர மட்டும் ஊரில் ஆள் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இப்படித்தான் ஒரு கோடையில் தண்ணீர் குறைந்த குளத்தில் தலைகுப்புறச் சாடினார். முந்தின மாதம் அதே இடத்தில் சாடியவர்தான். கழுத்தெலும்பு நொறுங்கியது. அதற்கப்புறம் அவர் கட்டிலை விட்டு இறங்கவேயில்லை.

மார்பளவுத் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால், தலை தரையைத் தொட்டு நிற்கும், உடம்பு நிற்காது. பின்னால் வரும் மொத்த எடையையும் கழுத்து தாங்க வேண்டும். அது தாங்காது. எலும்புக்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கினால் கை கால் இரண்டும் போகும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அங்கே காலை விட்டவன்கூட எப்படியாவது மீண்டு வருவான், தலையை விட்டவன் பாடுதான் கஷ்டம்.

பொது நீச்சல் வளாகம் என்று பேச்சு வந்தாலே நம் ஊரில் ஒரு கேள்வி வரும். சுற்றி மூன்று கடல், ஊருக்கு ஊர் குளம், நடுவில் பழையாறு, இதில் காசு கொட்டி இன்னொரு குளமா? நியாயமான கேள்விதான். என் பதில் ஒன்றே ஒன்று: இந்த மாவட்டத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, அடி தெரிந்த தண்ணீருக்குத்தான் பஞ்சம். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் நீச்சல் குளம் இருக்கிறது. நீந்திப் பழக அந்த மாதிரிக் குளம் போதும். நான் இங்கே சொல்ல வருவது அதற்கு அடுத்த படி: நீந்த ஒன்று, சாட ஒன்று என்று இரண்டு தொட்டிகளும், அதன் ஓரத்தில் ஒரு கோபுரமும் உள்ள திறந்தவெளி வளாகம்.

இரண்டும் ஏன் தனித்தனியாக வேண்டும் என்பதற்குக் கணக்கைப் பார்க்கலாம். 10 மீட்டர் மேடையிலிருந்து விழுகிறவர் தண்ணீரைத் தொட ஏறத்தாழ 1.4 விநாடி ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். 5 மீட்டரிலிருந்து என்றால் 36, 3 மீட்டரிலிருந்து 28. இந்த வேகத்தைத் தண்ணீர் மெல்ல மெல்லக் கரைக்க வேண்டும். தரை வந்து திடீரென்று நிறுத்தக் கூடாது. அதனால்தான் சர்வதேச விதியில் 10 மீட்டர் மேடைக்குக் கீழே குறைந்தது 4.5 மீட்டர், நல்லது 5 மீட்டர் ஆழம் என்று வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியம் தந்தது 10 மீட்டர் கணக்கு இல்லை. வெறும் 1 மீட்டர் உயரத்துப் பலகைக்கே 3.4 மீட்டர் ஆழம் கேட்கிறார்கள், அதாவது 11 அடி. காரணம், அது கல் மேடை கிடையாது, துள்ளும் அலுமினியப் பலகை. ஆளை மேலே தூக்கி எறியும். அவர் விழத் தொடங்குவது பலகை மட்டத்திலிருந்து அல்ல, அதற்கும் மேலே ஓர் ஆள் உயரத்திலிருந்து. சரி, இப்போது நம் சானல் பாலத்துக்கு வருவோம். கைப்பிடிச் சுவர் தண்ணீருக்கு மேலே எட்டு ஒன்பது அடி இருக்கும். தண்ணீர் நாலடி, மிஞ்சிப்போனால் ஐந்தடி. விதிப்புத்தகம் பாதி உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழம் கேட்கிற இடத்தில், நம் பிள்ளைகள் இரண்டு மடங்கு உயரத்திலிருந்து பாதி ஆழத்தில் சாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நீந்தும் தொட்டியின் அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று வைத்தால் 25 லட்சம் லிட்டர். சாடும் தொட்டி பார்க்கச் சின்னதாக இருக்கும். 25 மீட்டருக்கு 20 மீட்டர், ஆனால் ஆழம் 5. பெருக்கிப் பாருங்கள், அதுவும் அதே 25 லட்சம் லிட்டர்தான். இரண்டையும் ஒன்றாக்கி ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாக்கினால் செலவு மிச்சமாகும் என்று தோன்றும். பழைய குளங்கள் பலவற்றில் அப்படித்தான் செய்தார்கள். பொதுமக்கள் வரும் இடத்துக்கு அது ஆகாது. நடந்துகொண்டே போகிற பிள்ளைக்குத் தரை எங்கே சரிகிறது என்பது தெரியாது. மேலேயிருந்து ஒருவர் சாடும் இடத்துக்குக் குறுக்கே இன்னொருவர் நீந்தியும் வருவார்.

ஆக 50 லட்சம் லிட்டர். குடிக்கத் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோம், குளிக்க இவ்வளவா என்று யாராவது கேட்கலாம். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு பூவுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். அதை லிட்டராக்கினால் 48 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அதாவது இரண்டு தொட்டியும் நிரம்பக் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் வயலின் ஒரு பூத் தண்ணீர் போதும். அதுவும் வயலைப் போல ஒவ்வொரு பூவுக்கும் புதிதாக வேண்டியதில்லை. ஒரே தண்ணீரைத்தான் பம்பு இழுத்து, மணல் வடிகட்டி வழியாகத் தள்ளி, குளோரின் சேர்த்து, மறுபடி தொட்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் இரண்டு தொட்டியிலுமாக 8,750 லிட்டர் போகும், ஒரு டேங்கர் லாரியை விடக் குறைவு. சிதறுவதும் வடிகட்டியைக் கழுவும் தண்ணீரும் தனி.

திறந்தவெளி என்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. வெயில் குளோரினைத் தின்றுவிடும். காலையில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என்று சரியாகப் போட்டுவைத்தாலும், உச்சி வெயில் அடித்த சில மணி நேரத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். இதைத் தடுக்க சயனூரிக் அமிலம் கலப்பார்கள், குளோரினுக்கு அது குடை மாதிரி. அதுவும் அளவு மீறினால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும், கிருமி சாகாது. நாளுக்குப் பல தடவை அளந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் இதன் அர்த்தம். அப்புறம் ஒன்று. குளத்துப் பக்கம் போனதும் மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தால், "நல்லா மருந்து போட்டிருக்கான்" என்பார்கள். உண்மை நேர்மாறானது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கூடிக் குளோரமீன் ஆனால் வருகிற வாசனை அது. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குங்கள் என்று எழுதிவைப்பது மரியாதைக்காக மட்டும் இல்லை.

இந்தக் குளோரமீன் ஆவி கூரை போட்ட குளங்களில் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். மூச்சுக்கும் கெடுதல், இரும்புக்கும் கெடுதல். சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் 1985-ல் ஒரு நீச்சல் குளத்தின் கான்கிரீட் உள்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியிருந்தவை துருவே பிடிக்காது என்று நம்பிய எவர்சில்வர் கம்பிகள். அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பு விட்டிருந்தன. வசதியில்லாததால் கூரை போடவில்லை என்று நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் கடற்காற்று அடிக்கும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பியே நாலைந்து வருடத்தில் பொருக்கு விடும். ஏணிக்கும் கைப்பிடிக்கும் மாலிப்டினம் கலந்த 316 ரக எவர்சில்வரைப் போட்டுவிட்டு, அதையும் வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

திறந்தவெளியில் சாடும் கோபுரம் எப்படி இருக்கும் என்று பார்க்க பார்சிலோனா வரை போகலாம். மோன்ட்ஜுயிக் குன்றின் மேல் 1929-ல் கட்டிய நகராட்சிக் குளம் அது. 1992 ஒலிம்பிக்கில் டைவிங் போட்டிகள் அங்கேதான் நடந்தன. கோபுரத்தின் பின்னணியில் மொத்த நகரமும் விரிந்து கிடக்கும். டிவியில் பார்த்தவர்களுக்கு, சாடுகிறவர்கள் ஊருக்குள்ளேயே போய் விழுவது போலத் தெரியும். பெண்களுக்கான 10 மீட்டர் போட்டியில் அங்கே தங்கம் வாங்கிய சீனாவின் ஃபூ மிங்சியாவுக்கு அப்போது வயது 13. நம் ஊரில் எட்டாம் வகுப்பு. அந்தக் குளம் இன்றும் கோடையில் பொதுமக்கள் குளிக்கத் திறக்கும், குளிர்காலத்தில் மூடிவிடும். நமக்கு அந்தக் கவலையில்லை. டைவிங் தொட்டியின் தண்ணீர் 26 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. இங்கே சூரியனே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், சித்திரையில் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கும்.

சூரியன் என்றதும் இன்னொரு விஷயம். பூமியின் வடபாதியில் திறந்தவெளிக் கோபுரம் கட்டினால் அது வடக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. ஐரோப்பாவில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும். அதற்கு முதுகு காட்டி நின்றால் கண் கூசாது. நாம் இருப்பது 8 டிகிரி வடக்கில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு உச்சிப்பொழுதுச் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும். விதிப்படி கட்டினால் விதியின் நோக்கம் அந்த மாதங்களில் நடக்காது. ஆனாலும் அது பெரிய தொல்லையில்லை. நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருக்கும், அந்த நேரத்தில் யாரும் பயிற்சி எடுப்பதும் இல்லை. காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்து நிற்கிற சூரியன்தான் நமக்குப் பிரச்சினை. அதற்கு வடக்குப் பார்த்த கோபுரமே சரி. நாகர்கோவிலில் அப்படி நின்றால் எதிரே தாடகை மலை தெரியும். மோன்ட்ஜுயிக்குக்கு அது ஒன்றும் இளைத்ததில்லை.

கண் கூசுவதை இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. பல்டி அடிக்கிறவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் தண்ணீரைப் பார்த்து, எத்தனை சுற்று முடிந்தது, எப்போது உடம்பை விரிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். அலையே இல்லாத தெளிந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி. மேல்மட்டம் எங்கே, தரை எங்கே என்று பிரித்துத் தெரியாது. அதனால்தான் போட்டியின்போது தண்ணீர் மேல் சின்னதாக நீர் பீச்சிக்கொண்டே இருப்பார்கள். விழுகிறவருக்கு வலிக்காமல் இருக்க என்று பலர் நினைக்கிறார்கள். வலிக்காமல் இருக்கச் செய்வது வேறு: தரையிலிருந்து காற்றை ஊதி நுரை கிளப்பும் இயந்திரம், புதிதாக ஒரு சாட்டத்தைப் பழகும்போது மட்டும் போடுவார்கள்.

சூரியனுக்கு அடுத்தது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் வருகிற காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நிலம் மலிவாகக் கிடைக்கிறதென்று அந்தப் பக்கம் போய் 10 மீட்டர் கோபுரம் எழுப்பினால், ஆனி ஆடியில் மேலே ஏறுகிறவர் சட்டைத் துணி மாதிரிப் படபடக்க வேண்டியதுதான். மறைவான இடம் வேண்டும். இடி இடித்தால் மொத்தக் குளத்தையும் காலி செய்து, கடைசி இடியோசைக்குப் பின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மாலைப் பயிற்சி பாதி நாள் நடக்காது. இதெல்லாம் நேர அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள்தான்.

இவ்வளவு சொல்லும்போது கடலை மறந்துவிட முடியாது. 2024 மே 6-ம் தேதி கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. கள்ளக்கடல் என்று நம் கரையோரத்தில் பேர் வைத்திருப்பது இதற்குத்தான். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கேயோ கிளம்பிய புயலின் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, வெயில் அடிக்கிற கரையில் சொல்லாமல் வந்து ஏறும். மீனவர் சொல்லாக இருந்த அதை யுனெஸ்கோவும் 2012-ல் ஏற்றுக்கொண்டது. இப்போது ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையத்திலிருந்து முன்கூட்டியே எச்சரிக்கை வருகிறது. கடலோரத்துப் பிள்ளைகளுக்குக் கடலின் முகம் தெரியும். கடல் இல்லாத ஊர்களிலிருந்து லீவுக்குக் கடல் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. சானலும் அடைத்திருக்க, குளமும் வற்றியிருக்க, ஏப்ரல் மேயில் அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

உலகம் முழுக்க 2021-ல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சினிமாவில் மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார். நிஜத்தில் சத்தமே வராது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அரைக்கணத்தில் மூச்சு இழுக்கத்தான் முடியும், கத்த முடியாது. கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், ஆட்ட வராது. பார்க்கிறவருக்கு அந்தப் பிள்ளை நின்ற இடத்தில் விளையாடுவது போலத்தான் இருக்கும். ஆகவே உயிர்காப்பாளர் என்பவர் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்க்கும் ஆள் கிடையாது. தன் எல்லைக்குள் உள்ள தண்ணீரை, தரையையும் சேர்த்து, 10 விநாடிக்குள் ஒரு முறை கண்ணால் துழாவி முடிக்க வேண்டும், அடுத்த 20 விநாடிக்குள் எங்கே என்றாலும் போய்ச் சேர வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லும் கணக்கு. என்னைக் கேட்டால் கோபுரத்தை விட இந்தச் சம்பளத்துக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டில் அவர்கள் பேர் வராது என்பதால் யாரும் ஒதுக்குவதில்லை.

சாடும் தொட்டியை யாருக்குத் திறப்பது? நிற்காமல் 50 மீட்டர் நீந்திக் காட்டுகிறவருக்கு 1 மீட்டர் பலகை, அதில் ஒழுங்காக இறங்கத் தெரிந்தவருக்கு 3 மீட்டர். 5 மீட்டருக்கு மேலே பயிற்சியாளர் இல்லாமல் கதவு பூட்டியே இருக்கட்டும். கற்றுக்கொள்வதில் பாதிக்கு மேல் தண்ணீரே வேண்டாம். மெத்தை, துள்ளும் வலை, இடுப்பில் கட்டி மேலிருந்து பிடித்துக்கொள்ளும் கயிறு இவ்வளவு போதும், ஒரு பழைய கிடங்கு இருந்தாலே செய்யலாம். பெண்களுக்குத் தனி நேரம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று இருக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணி வெயிலில் ஒதுக்கிவிட்டு, "பெண்கள் யாரும் வரவில்லை" என்று எழுதிவைக்கக் கூடாது.

கடைசியாக மண்ணைப் பற்றி. நாஞ்சில் நாட்டில் வயலை ஒட்டி நிலம் எடுத்தால், ஐப்பசியில் மூன்றடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். 5 மீட்டர் ஆழத் தொட்டியைச் சுற்றி ஊற்றுநீர் நின்றால், தொட்டி நிரம்பியிருக்கும் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. காலி செய்தால்தான் வினை. வெறும் தொட்டி ஒரு வள்ளம் மாதிரி. சுற்றியுள்ள தண்ணீர் அதைத் தூக்கப் பார்க்கும். நிலத்தடி நீர் மேலிருந்து 1 மீட்டரில் நிற்கிறது என்றால், தொட்டியின் தரையில் சதுர மீட்டருக்கு 4 டன் மேல்நோக்கித் தள்ளும். அதைத் தரைக் கான்கிரீட்டின் எடையால் மட்டுமே அமுக்குவதானால், கனம் கூடக் கூட அடிமட்டம் இறங்கித் தள்ளுவதும் கூடும் என்பதால், தரை இரண்டரை மீட்டருக்கும் மேலே கனம் இருக்க வேண்டும். அவ்வளவு போடுகிறவர் யாருமில்லை. கீழே பாறை கிடைத்தால் கம்பி இறக்கிக் கட்டுவார்கள், இல்லாவிட்டால் தரையில் வால்வு வைத்து ஊற்றுநீரை உள்ளே விடுவார்கள். இதைச் செய்யாத குளங்கள் மழைக்காலத்தில் கழுவுவதற்காகத் தண்ணீரை இறைத்த மறுநாள் ஒரு பக்கமாக எழும்பி, ஓடெல்லாம் விரிந்து கிடப்பதுண்டு.

அதனால் தொட்டியைக் கழுவ ஒரு மாதம்தான் தோது, அது மார்ச். சானல் அடைத்திருக்கும், வயலில் கும்பப்பூ அறுப்பு முடிந்து தரை வெடித்திருக்கும், ஊற்று இறங்கியிருக்கும், பிள்ளைகள் பரீட்சையில் இருப்பார்கள். மூன்று வாரம் கிடைக்கும். அதற்குள் ஓட்டை அடைத்து, பாசி சுரண்டி, பலகையின் போல்ட்டுகளை மாற்றி, ஏப்ரல் பிறப்பதற்குள் விளிம்பு வரைக்கும் நிரப்பி வைத்துவிட வேண்டும்.